இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கில நாவல்கள்: எங்கே ஆரம்பிப்பது, எப்படிப் படிப்பது

ஆங்கிலத்தில் தாராளமாகக் கதை படிக்கிறவர்கள்கூட ஜாய்ஸ், வர்ஜீனியா வுல்ஃப் என்று வந்தால் பத்துப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். கேட்டால் ஆங்கிலம் கஷ்டம் என்பார்கள். ஆனால் வுல்ஃபின் 'மிஸஸ் டாலவே'யில் வரும் சொற்களில் பெரும்பாலானவை பள்ளிக்கூடத்திலேயே படித்தவைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வரியை இப்போது யார் பார்க்கிறார்கள், யார் நினைக்கிறார்கள் என்பது பிடிபடாமல் போய்விடுகிறது, அங்கேதான் வழி தவறுகிறது. 1900க்கும் 1930க்கும் நடுவில் ஆங்கிலப் புனைகதையில் நடந்த பெரிய மாற்றமும் இதைச் சுற்றித்தான். எல்லாம் தெரிந்த ஆசிரியர் மேலிருந்து கதை சொல்வது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கதைக்குள் இருக்கும் ஆட்களின் கண் வழியாகவே எல்லாம் நடக்கத் தொடங்கியது. அந்த மாற்றம் நடந்த வரிசையிலேயே நாமும் படித்தால், கடைசியில் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' வரைக்கும் போய்விடலாம். அவசரப்படாமல் படித்தால் ஒரு வருடத்துக்குச் சரியாக இருக்கும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

1894 வரைக்கும் இங்கிலாந்தில் ஒரு புது நாவல் பெரும்பாலும் மூன்று பாகமாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையே இல்லை. மூடீஸ் மாதிரியான சந்தா நூலகங்கள்தான் மொத்தமாக வாங்கி வாசகர்களுக்கு இரவல் கொடுக்கும், வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசிக்கத் தகுந்ததா என்று பார்த்துத்தான் அவை வாங்கும். அந்த வருடம் மூடீஸும் இன்னொரு சந்தா நூலகமான டபிள்யூ. எச். ஸ்மித்தும் மூன்று பாக நாவலுக்கு இனி இவ்வளவு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டன. சில வருடங்களில் அந்த வடிவமே காணாமல் போய், ஆறு ஷில்லிங் விலையில் ஒற்றைப் பாக நாவல் வந்தது. மூன்று பாகம் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் போனதும் கதையின் நீளத்தை எழுதுகிறவரே தீர்மானிக்க முடிந்தது. இன்னொரு பக்கம், 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள், அவர்களை நம்பி 'ஸ்ட்ராண்ட்' போன்ற மாத இதழ்கள் வந்தன, சிறுகதைக்குக் கை நிறையக் காசு கிடைத்தது. இவ்வளவு தெரிந்தால் போதும், வரலாறு இதற்கு மேல் இப்போது வேண்டாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பெரும்பாலான புத்தகங்கள் இலவசம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும், ஜாய்ஸும் வுல்ஃபும் 1941இலேயே இறந்துவிட்டார்கள். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்நூல் தளத்தில் எடுக்கலாம். ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்துப் பிழை திருத்தி அழகாக வடிவமைத்த கோப்புகள் கிடைக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்புத்தகங்கள் இருக்கின்றன. நான்காம் படியில் வரும் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1970இல்தான் இறந்தார், அதனால் அவருடைய புத்தகத்தைக் கடையில் வாங்குங்கள் அல்லது நூலகத்தில் எடுங்கள். 'யுலிசிஸ்' ஒன்றுக்கு மட்டும் பின்குறிப்புகள் உள்ள அச்சுப் பதிப்பு வாங்குவது நல்லது.

ஒரு பென்சில் கட்டாயம் வேண்டும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே சொல் இரண்டாம் முறை வந்து குறுக்கே நின்றால் மட்டும் திறங்கள். தொப்பி வகை, குதிரை வண்டி வகை, துணி வகை எல்லாம் தெரியாமலே போகட்டும்.

பணக் கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதைகளில் ஒருவர் யார் என்பதைப் பாதி நேரம் பணம்தான் சொல்கிறது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. ஜாய்ஸின் 'ஈவ்லின்' கதையில் கடையில் வேலை பார்க்கும் பெண் ஏழு ஷில்லிங் சம்பளத்தை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாள், அப்புறம் சனிக்கிழமை ராத்திரி வீட்டுச் செலவுக்கு அவரிடமே கெஞ்ச வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஒரு புது நாவலின் விலை ஆறு ஷில்லிங் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள், அந்த வீடு கண் முன்னால் வந்துவிடும்.

முதல் படி: நாவல் வேண்டாம், மூன்று சிறுகதைகள்

காதரின் மான்ஸ்ஃபீல்டின் 'மிஸ் பிரில்', ஜாய்ஸின் 'ஈவ்லின்', டி. எச். லாரன்ஸின் 'ஓடர் ஆஃப் க்ரிஸாந்திமம்ஸ்'. இந்த மூன்றும் போதும்.

'மிஸ் பிரில்'லை முதலில் எடுங்கள். 1920இல் வந்தது, சில பக்கங்கள்தான். பிரான்சில் ஒரு கடற்கரை ஊர். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் வயதான பெண்மணி ஞாயிற்றுக்கிழமை மதியம் பூங்காவுக்குப் போய், பாண்டு வாத்தியம் கேட்டுக்கொண்டே போகிற வருகிற ஆட்களை வேடிக்கை பார்க்கிறார். கழுத்தில் பழைய விலங்கு ரோமத் துண்டு ஒன்று, கண் வைத்துத் தைத்தது. அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்து, பூச்சிப்பொடியை உதறி, பிரஷ் போட்டு, மங்கிப்போன கண்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார். அங்கே திடீரென்று ஒரு வரி வரும்: 'செல்லக்குட்டி!' என்கிற மாதிரி. மேற்கோள் குறி கிடையாது, 'என்று நினைத்தாள்' கிடையாது. சொன்னது மான்ஸ்ஃபீல்டா, மிஸ் பிரில்லா?

மிஸ் பிரில்தான். ஆசிரியரின் வாக்கியத்துக்கு நடுவில் பாத்திரத்தின் குரல் ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பென்சில் இதற்குத்தான். கதையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, இரண்டாம் முறை ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இதை மிஸ் பிரில்லே சொல்லியிருக்க முடியுமா?' என்று கேளுங்கள். முடியும் என்றால் அடியில் ஒரு கோடு. கிட்டத்தட்டக் கதை முழுவதும் கோடாகிவிடும், அப்போதுதான் நாம் இவ்வளவு நேரமும் அந்த அம்மாவின் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறோம் என்பது உறைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூங்கா பெஞ்சில் வாராவாரம் உட்கார்ந்திருக்கும் கிழவர்களைப் பார்த்து, இவர்களெல்லாம் இருட்டு அறையிலிருந்தோ அலமாரியிலிருந்தோ வெளியே வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று மிஸ் பிரில் நினைக்கிறார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளம் ஜோடி அவரையும் அந்த ரோமத் துண்டையும் கேலி செய்வது அவர் காதில் விழுகிறது. வீட்டுக்குக் கிளம்புகிறார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வழியில் பேக்கரியில் ஒரு துண்டு தேன் கேக் வாங்குவார், உள்ளே பாதாம் ஒன்று இருந்துவிட்டால் அன்றைக்குப் பெரிய சந்தோஷம். அன்று வாங்கவில்லை. போய்ச் சேரும் அறையை அலமாரி மாதிரியான அறை என்கிறது கதை. அதே சொல். அவரும் அந்த பெஞ்சுக் கிழவர்களில் ஒருவர்தான் என்று மான்ஸ்ஃபீல்ட் எங்கேயும் சொல்லவில்லை, ஒரு சொல்லைத் திரும்பப் போட்டதோடு சரி. நியூசிலாந்தில் பிறந்து, காசநோயால் 1923இல் 34 வயதில் இறந்துபோனவர் எழுதியது இது. இந்தக் காலகட்டத்தின் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தக் கதையைப் படித்துவிடுங்கள்.

'ஈவ்லின்' 1904இல் ஒரு ஐரிஷ் விவசாய வார இதழில் வந்து, பிறகு 1914இல் 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் சேர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண், அவள் மூக்கில் ஏறும் திரைச்சீலைத் தூசி வாசனை, இன்று ராத்திரி ஒரு மாலுமியோடு அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறுவதா வேண்டாமா என்ற யோசனை. இங்கே கவனிக்க வேண்டியது காலம். முன்னால் நடந்ததும் இனி நடக்கப்போவதும் இந்த நிமிடமும் எப்படி ஒரே பத்தியில் கலந்து வருகின்றன என்று பாருங்கள்.

லாரன்ஸின் கதை 1911. சுரங்கத் தொழிலாளியின் மனைவி, புருஷன் குடித்துவிட்டு எங்கேயோ கிடக்கிறான் என்ற கோபத்தோடு ராத்திரிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பாதிக் கதை வரைக்கும் பழைய பாணிதான், எல்லாம் வெளியிலிருந்து. கடைசிப் பக்கங்களில் மாமியாரும் மருமகளும் ஓர் உடலைக் குளிப்பாட்டும் இடத்தில் கதை அவளுக்குள் இறங்கிவிடும். அது எந்தப் பத்தியில் நடக்கிறது என்று தேடிப் பிடியுங்கள்.

இரண்டாம் படி: பழைய பாணியில் ஒரு நல்ல நாவல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தாண்டாதீர்கள். ஆர்னால்ட் பென்னட்டின் 'தி ஓல்ட் வைவ்ஸ் டேல்', 1908. துணிக்கடைக்காரர் வீட்டு அக்கா தங்கை இருவர், கான்ஸ்டன்ஸ், சோஃபியா. ஒருத்தி கடையிலேயே இருந்துவிடுகிறாள், மற்றவள் ஓடிப்போய் பாரிஸில் வாழ்கிறாள், 1870இல் அந்த நகரம் முற்றுகையில் சிக்கியபோதும் அங்கேயே இருக்கிறாள். ஆசிரியருக்கு எல்லாம் தெரியும்: கடையின் வரவு செலவு, மாடிப்படியின் அமைப்பு, ஊர்க்காரர் வாய். இதைப் படித்தால்தான் பின்னால் வந்தவர்கள் எதை விட்டு விலகினார்கள் என்பது விளங்கும்.

வர்ஜீனியா வுல்ஃப் 1924இல் எழுதிய 'மிஸ்டர் பென்னட் அண்ட் மிஸஸ் பிரவுன்' கட்டுரையில் பென்னட்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். வீட்டைப் பற்றி, வாடகையைப் பற்றி எல்லாம் சொல்கிறாரே தவிர, அதற்குள் இருக்கும் மனுஷியைக் காணோம் என்பது குற்றச்சாட்டு. 1910 டிசம்பர் வாக்கில் மனித இயல்பே மாறிவிட்டது என்ற புகழ்பெற்ற வாக்கியமும் அந்தக் கட்டுரையில்தான் வருகிறது. என் கருத்தில் இந்த நாவலைப் பொறுத்தவரை வுல்ஃப் சொன்னது நியாயமில்லை. வருடக்கணக்கில் பார்க்காத கணவனைக் கிழவனாக, பிணமாக சோஃபியா பார்க்கும் காட்சி ஒன்று இருக்கிறது, அந்த மனுஷி அங்கே நூறு சதவீதம் இருக்கிறாள். கட்டுரையையும் படியுங்கள், நாவலையும் படியுங்கள், நீங்களே முடிவுக்கு வாருங்கள். அறுநூறு பக்கம் மலைப்பாக இருந்தால் அதற்குப் பதில் எச். ஜி. வெல்ஸின் 'தி ஹிஸ்டரி ஆஃப் மிஸ்டர் பாலி', 1910. சின்னது, சிரிக்க வைக்கும்.

மூன்றாம் படி: கான்ராட்

ஜோசப் கான்ராட் பிறந்தது அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த போலந்துக் குடும்பத்தில். முதல் மொழி போலிஷ், அடுத்தது பிரெஞ்சு, ஆங்கிலம் இருபது வயதுக்கு மேல் கப்பல் வேலையில் கற்றுக்கொண்டது. அந்த மொழியில் இப்படி எழுதினார் என்பதே ஒரு பெரிய விஷயம்.

'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' 1899இல் 'பிளாக்வுட்ஸ்' இதழில் தொடராக வந்தது, 1902இல் புத்தகமானது. நூறு பக்கத்துக்குள்தான், ஆனாலும் பலர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். காரணம் எளிது. தேம்ஸ் நதியில் ஒரு படகு, அதில் சிலர். அவர்களில் பெயரில்லாத ஒருவர் நமக்குக் கதை சொல்கிறார். அவர் சொல்லும் கதையில் மார்லோ என்பவர் காங்கோ போன கதையைச் சொல்கிறார். மார்லோவோ, கர்ட்ஸ் என்பவரைப் பற்றி வேறு ஆட்கள் சொன்னதைச் சொல்கிறார். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் கர்ட்ஸ் நம்மிடம் வந்து சேருகிறான். ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த அடுக்கை வரைந்து புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பத்திகளின் தொடக்கத்தில் வரும் மேற்கோள் குறியைப் பாருங்கள், அது இருக்கும் வரை பேசுவது மார்லோ. அது இல்லாமல் ஒரு பத்தி வந்தால் மறுபடி தேம்ஸ் படகுக்குத் திரும்பியிருக்கிறோம்.

முதலில் அதே மார்லோ வரும் 'யூத்' என்ற சிறிய கதையைப் படித்துவிட்டு இதற்கு வந்தால் அவர் குரல் பழகியிருக்கும்.

கான்ராட் 1890இல் தானே காங்கோ நதியில் நீராவிப் படகில் போனவர், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் அங்கே செய்ததை நேரில் பார்த்தவர். நாவல் அந்தக் கொள்ளையைக் கடுமையாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் அதில் வரும் ஆப்பிரிக்கர்களுக்குப் பேச்சு ஏறக்குறைய இல்லை, கூட்டமாக, நிழலாக, சத்தமாக மட்டும் வருகிறார்கள். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபி 1975இல் ஆற்றிய உரையில் இதை வைத்துக் கான்ராடைக் கடுமையாகத் தாக்கினார். அச்செபி சுட்டிக்காட்டிய இடங்களைப் பார்த்துவிட்டால் பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியாது. யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியோடு யாருக்குப் பார்க்கும் உரிமையே தரப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழக இந்தப் புத்தகம்தான் சரியான இடம். நாவலை முடித்த கையோடு அந்த உரையைப் படியுங்கள், முன்னால் வேண்டாம்.

நான்காம் படி: ஃபார்ஸ்டர், கூடவே லெனார்ட் வுல்ஃப்

ஃபார்ஸ்டர் எளிமையானவர், இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கலாம். 'ஹோவர்ட்ஸ் எண்ட்', 1910, அல்லது 'எ பாசேஜ் டு இந்தியா', 1924. நம்மவர்களுக்கு இரண்டாவது சுலபமாக உள்ளே இழுக்கும். ஃபார்ஸ்டர் 1912இலும் 1921இலும் இந்தியா வந்தவர், இரண்டாம் முறை தேவாஸ் சமஸ்தானத்து மகாராஜாவிடம் செயலராக இருந்தார். நாவலின் மராபார் குகைக்கு மூலம் பீகாரின் பராபர் குகைகள். குகைக்குள் என்ன நடந்தது என்று அவர் கடைசி வரை சொல்வதில்லை. இத்தனைக்கும் இது எல்லாம் தெரிந்த ஆசிரியர் சொல்லும் பாணிதான், அவரே வேண்டுமென்று ஓர் இடத்தில் கதவைச் சாத்திவிடுகிறார்.

வர்ஜீனியாவின் கணவர் லெனார்ட் வுல்ஃபை இலக்கிய வரலாறுகளில் ஓரமாகத்தான் வைக்கிறார்கள், அது எனக்குப் பெரிய குறை. 1904 முதல் 1911 வரை இலங்கையில் சிவில் சர்வீஸ் அதிகாரி. முதலில் யாழ்ப்பாணம், பிறகு கண்டி, கடைசியில் அம்பாந்தோட்டை. தமிழும் சிங்களமும் கற்றார். 1913இல் வந்த அவருடைய 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' அம்பாந்தோட்டைப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றின் சிங்கள விவசாயிகளைப் பற்றியது. வெள்ளைக்கார அதிகாரி ஓரத்தில்தான் வருகிறார். நீதிமன்றம், கடன், காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர் எல்லாம் சிலிந்து என்ற வேட்டைக்காரனின் குடும்பத்தின் மேல் எப்படி வந்து விழுகின்றன என்று அவர்கள் பக்கம் நின்று சொல்கிறது. கான்ராடுக்கும் ஃபார்ஸ்டருக்கும் நடுவில் இதை வைத்துப் படித்தால், அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் எந்த அளவுக்கு விலகி நின்று பார்க்க முடிந்தது என்று ஒப்பிடலாம்.

ஐந்தாம் படி: நம்ப முடியாத கதைசொல்லி

ஃபோர்ட் மாடொக்ஸ் ஃபோர்டின் 'த குட் சோல்ஜர்', 1915. தான் கேட்டதிலேயே மிகச் சோகமான கதை இதுதான் என்று தொடங்குகிறார் டவல் என்ற அமெரிக்கர். கேட்ட கதையா? அவர் மனைவியே சம்பந்தப்பட்ட கதை, ஒன்பது வருடமாக அவர் கூடவே இருந்து பார்த்த கதை. முதல் வாக்கியத்திலேயே சந்தேகத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறார் ஃபோர்ட். டவல் முன்னும் பின்னுமாகச் சொல்வார், சொன்னதை மாற்றுவார், நல்லவர் என்று ஐம்பது பக்கம் சொன்ன ஆளைப் பற்றி ஒரு வரியில் வேறு கதை சொல்வார். பின்பக்க வெற்றுத்தாளில் தேதிகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள், ஆகஸ்ட் 4 மட்டும் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இரண்டு முறை படிக்க வேண்டிய புத்தகம். முதல் தடவை குழம்பினால் அது உங்கள் தவறில்லை, புத்தகமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

லாரன்ஸின் 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' 1913. இதை எந்த இடத்திலும் சொருகலாம். அப்பா மொரெல் பேசும் நாட்டிங்ஹாம் வட்டார வழக்கு கண்ணுக்குப் புரியாவிட்டால் வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் புரியும்.

ஆறாம் படி: 'மிஸஸ் டாலவே'

இதற்கு முன்னால் ரெபெக்கா வெஸ்டின் 'த ரிட்டர்ன் ஆஃப் த சோல்ஜர்', 1918, ஒரு சாயங்காலம் படித்துவிடுங்கள். முதல் உலகப்போரில் மனம் அடிபட்டு, கடைசிப் பதினைந்து வருடங்களை மறந்துபோய் வீடு திரும்பும் சிப்பாயைப் பற்றிய குறுநாவல். வுல்ஃபின் நாவலில் வரும் செப்டிமஸைப் புரிந்துகொள்ள இது நல்ல வாசல்.

மனதில் ஓடுவதை ஓடுகிற மாதிரியே எழுதுவதை நனவோடை உத்தி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும், அது வுல்ஃப் கண்டுபிடித்தது இல்லை. டாரத்தி ரிச்சர்ட்சன் 1915இலேயே அப்படி எழுதத் தொடங்கிவிட்டார், அவர் நாவல்களைப் பற்றி எழுதும்போதுதான் 1918இல் மே சிங்க்ளேர் அந்தப் பெயரை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். வுல்ஃப் செய்தது வேறு. ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்கு, நடுவில் தையல் தெரியாமல், தெருவில் நடக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாவுவது.

நாவல் 1925இல் வந்தது. 1923 ஜூன் மாதத்து ஒரே நாளில், லண்டனில் நடக்கிறது. அத்தியாயமே கிடையாது. க்ளாரிஸா டாலவே அன்று ராத்திரி விருந்துக்குப் பூ வாங்கப் போகிறார். பூக்கடைக்கு வெளியே ஒரு கார் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் போடுகிறது. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், செப்டிமஸ் என்ற முன்னாள் சிப்பாயும். அந்தச் சத்தம் வரை க்ளாரிஸாவின் தலைக்குள் இருந்த நாம் அதற்கப்புறம் செப்டிமஸின் தலைக்குள் இருக்கிறோம். சில பக்கம் தள்ளி விமானம் ஒன்று வானத்தில் புகையால் விளம்பர எழுத்து எழுதுகிறது. ஒரு பெண் 'கிளாக்ஸோ' என்று படிக்கிறாள், இன்னொருத்தி 'க்ரீமோ' என்கிறாள், ஒருவர் டாஃபி என்கிறார். செப்டிமஸோ, அது தனக்கு மட்டும் அனுப்பப்படும் செய்தி என்று நினைத்துக் கண்ணில் நீர் நிறையப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே புகை, நாலு விதப் பார்வை. நாவலை எப்படிப் படிக்க வேண்டும் என்று வுல்ஃபே சொல்லிக்கொடுக்கும் பக்கம் இது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். சத்தம், வாகனம், மணியோசை, வானத்தில் ஏதாவது என்று வரும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். அங்கே பெரும்பாலும் ஆள் மாறும், அல்லது காலம் மாறும். பிக் பென் அடித்தால் நிமிர்ந்து உட்காருங்கள். க்ளாரிஸாவும் செப்டிமஸும் சந்திப்பதே இல்லை. இருவரும் ஏன் ஒரே நாவலில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை விருந்து வரைக்கும் தூக்கிக்கொண்டு போங்கள், பதில் அங்கே இருக்கிறது. தினம் பத்துப் பக்கம் என்று பிய்த்துப் படித்தால் ஒட்டாது, மூன்று அல்லது நான்கு நீண்ட அமர்வு வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துவிட்டால் தாமதிக்காமல் 'டு த லைட்ஹவுஸ்', 1927. அதன் நடுப்பகுதியில் பத்து வருடம் சில பக்கங்களில் ஓடிவிடும். ஆளில்லாத வீடு, காற்று, ஈரம், உதிரும் சுவர்ப்பூச்சு. அதற்கு நடுவில் முக்கியமான ஒருவரின் மரணம் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியமாக வரும். வேகமாகப் படித்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.

ஏழாம் படி: ஜாய்ஸ், 'யுலிசிஸ்' வரை

'டப்ளினர்ஸ்' மீதிக் கதைகளை முடியுங்கள், கடைசிக் கதை 'த டெட்' கட்டாயம். பதினைந்து கதைகள், அச்சாக ஒன்பது வருடம் ஆனது. 1912இல் டப்ளினில் அச்சடித்த தாள்களை அச்சகக்காரரே அழித்துவிட்டார். அடுத்து 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்', 1916. பேச்சுக்கு மேற்கோள் குறி போடாமல் வரியின் தொடக்கத்தில் ஒரு கோடு போடுவது ஜாய்ஸின் வழக்கம், இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். நரக வேதனை பற்றிய பிரசங்கம் நீளமாகப் போகும், அதைக் கேட்கும் கதாநாயகப் பையன் ஸ்டீஃபனுக்கு ஏற்படும் பயம் நமக்கும் வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம், தாண்டாதீர்கள்.

'யுலிசிஸ்' 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளில் பாரிஸில் வெளிவந்தது. வெளியிட்டவர் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி என்ற புத்தகக்கடை நடத்திய சில்வியா பீச். முதல் பதிப்பு 1000 பிரதிகள். அமெரிக்காவில் நாவலின் மேல் இருந்த ஆபாச வழக்கு 1933இல்தான் தோற்றது. கதை 1904 ஜூன் 16, ஒரு நாள், டப்ளின். பதினெட்டுப் பகுதிகள்.

வரிசையாகப் படிக்க வேண்டாம். முதல் மூன்று பகுதிகளில் 'போர்ட்ரெய்ட்'டின் அதே ஸ்டீஃபன் வருகிறான், மூன்றாம் பகுதியில் அவன் கடற்கரையில் நடந்துகொண்டே தத்துவம் யோசிக்கிறான், பெரும்பாலானவர்கள் நின்றுபோவது அங்கேதான். நான்காம் பகுதியில் ஆரம்பியுங்கள். லியோபோல்ட் ப்ளூம் சமையலறையில் மனைவிக்குக் காலைச் சாப்பாடு எடுத்துவைக்கிறார். பூனை கத்துகிறது, ஜாய்ஸ் அதை 'ம்க்ன்யாவ்' என்கிற மாதிரி எழுதுகிறார், பால் தராமல் தாமதிக்கத் தாமதிக்க அடுத்தடுத்த கத்தலில் ஓர் எழுத்து கூடிக்கொண்டே போகும். இவ்வளவு அன்பான, இவ்வளவு வீட்டுத்தனமான பக்கங்கள் இந்தப் 'பயங்கர' நாவலில்தான் இருக்கின்றன.

அங்கே ஒரு பத்தியை மெதுவாகப் பாருங்கள். சமையலறையில் நடமாடும்போது சிறுநீரகம் வாங்கிச் சமைப்பது பற்றித்தான் அவர் நினைப்பெல்லாம் என்பது ஒரு வாக்கியம், ஆசிரியர் சொல்வது. உள்ளே குளிர்ந்த வெளிச்சம், வெளியே இதமான கோடைக் காலை என்பது அடுத்தது, அதற்கு வினைச்சொல் பாதி இல்லை. மூன்றாவதாக, லேசாகப் பசிக்க வைத்தது என்று எழுவாயே இல்லாமல் ஒரு சின்ன வாக்கியம். மூன்றே வாக்கியத்தில் ஆசிரியரிடமிருந்து ப்ளூமிடம் வந்துவிட்டோம். 'மிஸ் பிரில்'லில் கோடு போட்டுப் பழகியதுதான் இது, இங்கே இன்னும் வேகமாக நடக்கிறது. எழுவாய் உதிர்ந்தால் ப்ளூம் யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

4, 5, 6 முடித்துவிட்டு 1, 2, 3க்கு வாருங்கள். ஆறாம் பகுதி ஒரு சவ ஊர்வலம், நாவலின் மிக நல்ல பகுதிகளில் ஒன்று. அப்புறம் 7இலிருந்து நேராகப் போகலாம். பதினான்காம் பகுதி ஆங்கில உரைநடையின் வரலாற்றையே ஒவ்வொரு நடையாகப் போலி செய்கிறது, முதல் வாசிப்பில் அதை ஓட்டிவிட்டுப் போங்கள், ஒரு குற்றமும் இல்லை. 15 நாடக வடிவம், 17 கேள்வி-பதில், 18 ப்ளூமின் மனைவி மாலி படுக்கையில் தூக்கம் வராமல் நினைப்பது, எட்டே நீண்ட வாக்கியங்கள். ஹோமரின் 'ஒடிஸி' காவியத்தோடு எங்கெங்கே பொருந்துகிறது என்ற ஆராய்ச்சியை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஐரிஷ் வானொலி ஆர்டிஇ 1982இல் நாவல் முழுவதையும் நடிகர்களை வைத்து ஒலிபரப்பியது, சுமார் முப்பது மணி நேரம். தடுமாறும் பகுதிகளைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அதில் கேளுங்கள், யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் பாதிக்கு மேல் போய்விடும்.

அதற்கப்புறம்

ஹென்றி ஜேம்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 'தி அம்பாஸடர்ஸ்', 1903, இந்த மாற்றத்தின் வேர்களில் ஒன்று, ஆனால் அவர் வாக்கியங்களுக்குப் பொறுமை மிக அதிகம் வேண்டும், இவ்வளவும் முடித்தபின் போனால் ரசிக்கும். 'ஃபின்னகன்ஸ் வேக்' 1939, நம் எல்லைக்கு வெளியே. அடுத்த புத்தகமாக நான் கொடுப்பது வுல்ஃபின் 'த வேவ்ஸ்', 1931. ஆறு நண்பர்கள், குழந்தைப் பருவத்திலிருந்து நடு வயது தாண்டும் வரை, மாறி மாறித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பேச்சிலும் பெர்னார்ட் சொன்னான், ரோடா சொன்னாள் என்று பெயர் போட்டே இருக்கும், யார் என்ற சந்தேகம் வராது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையும் ஐம்பது வயது ஆளும் ஏன் ஏறக்குறைய ஒரே மொழியில் பேசுகிறார்கள்? பென்சிலை எடுத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.